பெரியப்பாவின் மின்னஞ்சல்: குடும்பக் குழுவில் இரண்டு நாள் உரையாடல்

வியாழன்

பெரியப்பா, காலை 8:05
அனைவருக்கும் வணக்கம். என் மேசைக் கணினியில் உள்ள மின்னஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்ட், மூன்று வாரங்களாகக் காலை நேரத்தில் மட்டும், உள்நுழைவு தோல்வியடைந்தது என்று சொல்லிக் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. மின்னஞ்சல் சேவை தருபவர்களை மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன். மூன்று முறையும் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், மறுநாள் காலையில் அதே தொல்லை. பதிப்பகத்தின் மெய்ப்புகள் இந்த முகவரிக்குத்தான் வருகின்றன. நேற்று ஒரு மெய்ப்பை உரிய நேரத்தில் திருத்தி அனுப்ப முடியாமல் போனது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

சித்தப்பா, காலை 8:11
அண்ணா, தண்டர்பேர்டை முழுவதுமாக நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவிப் பாருங்கள். அலுவலகத்தில் எதற்கும் முதலில் அதைத்தான் செய்யச் சொல்கிறார்கள்.

நான், காலை 8:20
சித்தப்பா, தயவுசெய்து அதை மட்டும் இப்போது வேண்டாம். கணக்கு அமைப்புகள் ப்ரொஃபைல் என்ற தனிக் கோப்புறையில் இருக்கின்றன. மென்பொருளை நீக்கினாலும் அந்தக் கோப்புறை பெரும்பாலும் அப்படியே கிடக்கும், ஆகவே பழைய சிக்கலும் கூடவே திரும்பி வரும். அதையும் சேர்த்து அழித்தாலோ, பெரியப்பா 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதியில் பத்திரப்படுத்தியிருக்கும் பழைய மடல்கள் போய்விடும். அவை சர்வரில், அதாவது மின்னஞ்சல் சேவை தருபவர்களின் கணினியில், இல்லை.
பெரியப்பா, கடவுச்சொல் தவறு என்பது இதுவரை எல்லோரும் செய்த ஊகம்தான். தவறான கடவுச்சொல் மாலையில் மட்டும் எப்படிச் சரியாகும்? சர்வர் உண்மையில் என்ன பதில் சொல்கிறது என்பதை தண்டர்பேர்டையே எழுதிவைக்கச் சொல்வோம். அதற்குத்தான் லாக் வசதி இருக்கிறது.

பெரியப்பா, காலை 8:24
அது எங்கே இருக்கிறது, அம்மா? அமைப்புகளில் தேடிப் பார்த்தேன், அப்படி எதுவும் கண்ணில் படவில்லை.

நான், காலை 8:41
அமைப்புகளில் இருக்காது, பெரியப்பா. தண்டர்பேர்ட் தொடங்கும்போதே இரண்டு விவரங்களை அதன் காதில் போட வேண்டும்: எதை எவ்வளவு விரிவாக எழுத வேண்டும் என்பது ஒன்று, எந்தக் கோப்பில் எழுத வேண்டும் என்பது மற்றொன்று. விண்டோஸில் இவற்றைச் சூழல் மாறிகள் என்பார்கள். முதலாவது மோஸ் லாக், இரண்டாவது மோஸ் லாக் ஃபைல். உங்கள் கணக்கு ஐமேப் வகை, அதாவது மடல்களைச் சர்வரிலேயே வைத்துப் பல கருவிகளிலிருந்து படிக்கும் வகை, என்பதால் முதல் மாறியில் ஐமேப் என்பதையும் அதன் அருகில் 5 என்ற எண்ணையும் கொடுத்திருக்கிறேன். 1 என்றால் பிழைகள் மட்டும் பதிவாகும். 5 என்றால் ஒன்றுவிடாமல் எல்லாம் பதிவாகும். ஒவ்வொரு வரியிலும் நேரம் வர வேண்டும் என்பதற்காக டைம்ஸ்டாம்ப் என்ற சொல்லையும் சேர்த்திருக்கிறேன்.
நீங்கள் எதையும் தட்டச்சு செய்ய வேண்டாம். மூன்றே வரிகள் கொண்ட ஒரு பேட்ச் கோப்பை, அதாவது அழுத்தினால் கட்டளைகளை வரிசையாக நிறைவேற்றும் கோப்பை, உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அதை டெஸ்க்டாப்பில் வைத்து, நாளைக் காலை வழக்கமான தண்டர்பேர்ட் படத்தை அழுத்துவதற்குப் பதிலாக இதை இருமுறை அழுத்துங்கள். அதற்கு முன் தண்டர்பேர்ட் முழுவதும் மூடியிருக்க வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் புதிய சாளரம் திறக்கும், ஆனால் ஒரு வரிகூடப் பதிவாகாது. பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.
தொல்லை வந்ததும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்டர்பேர்டை மூடிவிட்டு, மறுபடி திறப்பதற்கு முன்பே, லாக் கோப்பை வேறு பெயரில் நகலெடுத்துவிடுங்கள். மறுபடி அதே பேட்ச் கோப்பால் திறந்தால் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும்.

சித்தப்பா, காலை 8:50
என் அவுட்லுக்கிலும் இப்படித்தான் செய்ய வேண்டுமா?

நான், காலை 8:55
பழைய டெஸ்க்டாப் அவுட்லுக்கில் அது எளிது, சித்தப்பா. ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போனால், கீழ்ப்பகுதியில் ட்ரபிள்ஷூட்டிங் லாகிங் என்ற பெட்டி இருக்கும். அதைக் குறியிட்டு அவுட்லுக்கை மூடித் திறக்க வேண்டும். ஆனால் அது எழுதும் கோப்புகளில் பல நோட்பேடில் படிக்கக்கூடிய வடிவில் இருக்காது. உதவிப் பிரிவினரிடம் கொடுக்கத்தான் பயன்படும். வேலை முடிந்ததும் குறியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அவுட்லுக் மந்தமாகும்.

வெள்ளி

பெரியப்பா, காலை 8:02
நீ சொன்னபடியே செய்தேன், அம்மா. சரியாக 7:42-க்குத் தொல்லை வந்தது. கோப்பை இணைத்திருக்கிறேன்.
(இணைப்பு: லாக் கோப்பு)

நான், காலை 8:04
பெரியப்பா, உடனே அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து 'அனைவருக்கும் நீக்கு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தனியாக எனக்கு மட்டும் அனுப்புங்கள்.

பெரியம்மா, காலை 8:06
வீட்டு மனிதர்கள்தானே இருக்கிறோம், இதில் மறைக்க என்ன இருக்கிறது?

நான், காலை 8:13
நம்மிடம் மறைக்க ஒன்றும் இல்லை, பெரியம்மா. ஆனால் அந்தப் பதிவில் காலையில் இறங்கிய மடல்களின் வரிகள், அனுப்பியவர்களின் முகவரிகள், பதிப்பகத்தின் வெளிவராத நூலின் பெயர் எல்லாம் இருக்கக்கூடும். அவை நமக்குச் சொந்தமானவை அல்ல. கடவுச்சொல் போகும் இடத்தை ஐமேப் பதிவில் தண்டர்பேர்டே மறைத்துவிடும் என்றாலும், வெளியே கொடுப்பதற்கு முன் தேடிப் பார்ப்பதுதான் முறை. வேறு சில பதிவுகளில் கடவுச்சொல் பேஸ்64 வடிவில், புரியாத எழுத்துகளாகத் தென்படலாம். அது பூட்டு அல்ல, வெறும் எழுத்துமாற்றம். யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் திருப்பிப் படித்துவிடலாம்.

பெரியப்பா, காலை 8:16
நீக்கிவிட்டேன். உனக்குத் தனியாகவும் அனுப்பிவிட்டேன். ஆனால் ஒன்று, அம்மா: 7:42 என்று கோப்பில் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. வேறு நாளின் கோப்பை எடுத்துவிட்டேனோ?

நான், காலை 8:19
சரியான கோப்புதான், பெரியப்பா. நேரத்தின் அருகில் யூ.டி.சி. என்று இருக்கிறது, பாருங்கள். அது உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் பின்தங்கியது. 7:42 என்றால் பதிவில் 02:12. அங்கே தேடுங்கள், நானும் இங்கே படிக்கிறேன்.

பெரியப்பா, காலை 8:47
மெய்ப்புப் பார்ப்பதைப் போல ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஆங்கிலமும் எண்களும் கலந்து கிடந்தாலும், சர்வர் சொல்லும் பதில்களை மட்டும் தனியே பிரித்துக் குறித்துக்கொண்டேன். 02:12-இல் மூன்று முறை உள்நுழைவுக்கு ஓகே என்கிறது. நான்காம் முறை நோ என்கிறது. அதே கடவுச்சொல், அதே நிமிடம். மூன்று முறை ஏற்றுக்கொண்டவன் நான்காம் முறை ஏன் மறுக்கிறான்?

நான், காலை 8:58
அந்த நோ என்ற சொல்லுக்குப் பின்னால் உள்ள வாக்கியத்தையும் படியுங்கள், பெரியப்பா. ஒரே பயனர், ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து, அதாவது ஒரே இணைய இணைப்பின் முகவரியிலிருந்து, வைத்துக்கொள்ளக்கூடிய இணைப்புகளின் உச்ச எண்ணிக்கை தாண்டப்பட்டது என்கிறது. வரியின் முடிவில் 10 என்ற எண்ணும் இருக்கிறது. இது டவ்காட் என்ற சர்வர் மென்பொருள் சொல்லும் வாசகம், அதன் இயல்பான வரம்பு 10. கடவுச்சொல்லைப் பற்றி அது ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. உள்நுழையும் கட்டத்தில் மறுக்கப்பட்டதால், தண்டர்பேர்ட் அதைக் கடவுச்சொல் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டு உங்களைக் கேட்டிருக்கிறது.
அண்ணா, காலையில் உன் மடிக்கணினியிலும் இதே மின்னஞ்சல் கணக்கு திறந்திருக்கிறதா?

அண்ணன், காலை 9:03
ஆம், பாப்பா. அப்பாவின் ரசீதுகளையும் வரிக் கணக்கையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்பதால் அதிலும் தண்டர்பேர்டில் சேர்த்திருக்கிறேன். ஏழு மணிக்கே திறந்துவிடுவேன், பத்து மணிக்கு அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றுவிடுவேன்.

நான், காலை 9:12
அப்படியானால் கணக்கு நேராகிறது. ஐமேப்பில் ஒரு இணைப்பு ஒரு நேரத்தில் ஒரு கோப்புறையை மட்டுமே திறந்துவைத்திருக்கும். அதனால் தண்டர்பேர்ட் ஒரு கணக்குக்கு இயல்பாக 5 இணைப்புகள் வரை வைத்துக்கொள்ளும். அண்ணனின் மடிக்கணினி 5. பெரியப்பாவின் கைப்பேசி 2 வைத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் 7 ஆகிறது. மேசைக் கணினிக்கு மூன்று இடம் கிடைக்கிறது, நான்காவதற்கு இடமில்லை. பதிவில் நீங்கள் எண்ணியதும் அதேதான். வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் ஒரே ரௌட்டர் வழியாகப் போவதால், சர்வரின் கண்ணுக்கு அனைத்தும் ஒரே முகவரி. அண்ணன் அலுவலகம் போனதும் அவருடைய இணைப்புகள் வேறு முகவரிக்கு மாறிவிடும், உங்களுக்கும் தொல்லை நின்றுவிடும்.
இரண்டு கணினிகளிலும் அக்கவுண்ட் செட்டிங்ஸ், சர்வர் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று சென்று, சேமித்துவைக்கும் சர்வர் இணைப்புகளின் எண்ணிக்கையை 5-இலிருந்து 2 ஆகக் குறைத்துவிட்டு, தண்டர்பேர்டை மூடித் திறங்கள். கைப்பேசியையும் சேர்த்தால் 6-ஐத் தாண்டாது.

அண்ணன், காலை 9:30
இரண்டிலும் மாற்றிவிட்டேன். மடிக்கணினியும் கைப்பேசியும் திறந்திருக்கும்போதே அப்பாவின் கணினியிலும் திறந்து பார்த்தோம். எல்லாக் கோப்புறைகளும் வந்துவிட்டன, கடவுச்சொல் கேட்கவில்லை.

பெரியப்பா, காலை 9:41
மூன்று கடவுச்சொற்களை மாற்றி, ஒவ்வொரு முறையும் கைப்பேசியிலும் மகனின் கணினியிலும் திருத்திக்கொண்டு அலைந்ததை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. அந்த ஒரு வரி மூன்று வாரங்களுக்கு முன்பே கிடைத்திருந்தால் புதன்கிழமை மெய்ப்பு தாமதமாகியிருக்காது. இனி அந்த பேட்ச் கோப்பை என்ன செய்வது?

நான், காலை 9:46
அதை ஒரு கோப்புறைக்குள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பெரியப்பா, ஆனால் இனி வழக்கமான படத்தையே அழுத்தித் திறங்கள். அந்த மாறிகள் பேட்ச் கோப்பு வழியாகத் திறக்கும்போது மட்டுமே செயல்படும் என்பதால் தனியாக எதையும் அணைக்க வேண்டியதில்லை. தவறிப்போய் தினமும் அதிலேயே திறந்தால் கோப்பு பெருத்துக்கொண்டே போகும், உங்கள் மடல்களும் வெளிப்படையாக அதில் கிடக்கும். லாக் கோப்பையும் அதன் நகலையும் அழித்துவிடுங்கள். என்னிடம் இருந்ததை நான் இப்போதே அழித்துவிட்டேன்.

பெரியப்பா, காலை 9:52
இரண்டையும் அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டேன். மெய்ப்பின் முதல் 16 பக்கங்கள் இப்போதுதான் இறங்கின. மதிய உணவுக்குள் முடித்து அனுப்பிவிடுவேன்.