புதுப்பிப்பு: எங்கள் ஊர்ப் பள்ளி, பங்குனி மாதச் செய்திகள்

அழகர்கோயில் பக்கத்தில் உள்ள எங்கள் சின்ன அரசு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருவதைப் பற்றித் தை மாதம் எழுதியிருந்தேன். "சேர்க்கை எப்போது, என்னென்ன சான்றிதழ் வேண்டும்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

சேர்க்கை தொடங்கிவிட்டது, ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழ், ஆதார் இருந்தால் எடுத்து வாருங்கள். இல்லையென்றாலும் தயங்காதீர்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. முன்பு படித்த பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) வரத் தாமதமானாலும் அப்படித்தான்.

காலை உணவு ஒழுங்காக நடக்கிறது. 2022 செப்டம்பரில் நம் மதுரையில் தொடங்கிவைத்த திட்டமாயிற்றே! பொங்கல் போடும் நாளில் தட்டு பளிச்சென்று திரும்பி வருகிறது. கிச்சடி என்றால்தான் வம்பு. இரண்டாம் வகுப்பு வாண்டு ஒருவன் கேரட்டை மட்டும் பொறுக்கித் தட்டு ஓரத்தில் வரிசையாக அடுக்கிவிடுவான். சமையல் அக்கா இப்போது துருவிப் போடுகிறார். பயல் கண்டுபிடிக்கவில்லை, யாரும் சொல்லிவிடாதீர்கள்.

ஒழுகிய குழாயை மாற்றியாயிற்று. வெயில் ஏறிவிட்டதால் தண்ணீர் பாட்டில் கட்டாயம் கொடுத்து அனுப்புங்கள்.

ஆண்டு விழா சித்திரைத் திருவிழாவுக்கு முன்பே. அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்தில் வைத்தால் ஊரில் யார் இருப்பார்கள்?

அப்புறம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அம்மாக்கள் மட்டுமே வருகிறார்கள். குழுவில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்குத்தான். அப்பாக்களும் வாங்க, டீ உண்டு.