மின்சைக்கிள் மோட்டார் மணிக்கு 25 கிலோமீட்டரில் விலகினால் உடற்பயிற்சி கெடுமா?

சாங்கிக் காற்று:

எனக்கு வயது 57. முழங்கால் தேய்மானத்தால் மெதுவோட்டத்தைக் கைவிட்ட பிறகு, உடற்பயிற்சிக்கென்றே பதிவெண் உள்ள மின்சைக்கிள் ஒன்றை வாங்கி, நான்கு மாதங்களாகப் பாசிர் ரிஸ்ஸிலிருந்து தானா மேரா கடலோரச் சாலை வழியாக ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா வரை சென்று திரும்புகிறேன். மோட்டார் 250 வாட்டுக்கு மேற்படக்கூடாது, வண்டி 20 கிலோவைத் தாண்டக்கூடாது, மிதிக்காமல் கைப்பிடியைத் திருகி ஓட்டும் வசதி இருக்கக்கூடாது என்று சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையம் விதித்திருப்பதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் மோட்டார் விலகிக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. விமான ஓடுபாதையை ஒட்டிய அந்த நேர்ச்சாலையில் 25-ஐத் தொடும் நொடியில், பின்னாலிருந்து யாரோ இருக்கையைப் பிடித்து இழுப்பதுபோல் வண்டி கனத்துவிடுகிறது. பந்தய சைக்கிள் குழுக்கள் என்னை 35-இல் கடக்கின்றன. லாரிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கனடாவில் 32 வரை மோட்டார் உதவுகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் மூன்றாம் வகை மின்சைக்கிளுக்கு 28 மைல், அதாவது 45 கிலோமீட்டர் வரை அனுமதி உண்டு. இங்கே சாலைகளில் மட்டுமாவது 32 ஆக்கினால் என்ன குறைந்துவிடும்?

கீழ்த்தளவாசி:

சாலையில் மட்டும் என்கிறீர்கள் ஐயா, ஆனால் தான் இப்போது சாலையில் இருக்கிறதா, நடப்போரும் பயன்படுத்தும் பூங்கா இணைப்புப் பாதையில் இருக்கிறதா என்பது மோட்டாருக்குத் தெரியாது. அதே வண்டிதான் மாலையில் எங்கள் புளோக்கிற்குப் பின்னால் உள்ள பாதையிலும் வரும். அங்கே எல்லாச் சைக்கிள்களுக்கும் வரம்பு 25. வேகம் 25-இலிருந்து 32-க்கு உயர்ந்தால் மோதலின் ஆற்றல் ஏறக்குறைய 64 விழுக்காடு கூடுகிறது, ஏனெனில் அது வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரமும் அதே கணக்கில் நீள்கிறது. பிரேக்கைத் தொடுவதற்கு முன் கழியும் அந்த ஒரு நொடியில் 25-இல் 7 மீட்டர் போகும் வண்டி, 32-இல் 9 மீட்டர் போய்விடும். சென்ற ஆண்டு மின்சைக்கிளில் வந்த ஒருவர் என் தாயாரின் நடைதாங்கியை உரசிச் சென்றார். தாயார் விழவில்லை, ஆனால் மூன்று வாரம் வீட்டை விட்டு இறங்க மறுத்துவிட்டார். உங்கள் முழங்காலுக்கு ஒரு தீர்வு வேண்டுமென்பது நியாயம். அதை என் தாயாரின் பாதையில்தான் தேட வேண்டுமா?

வெறுமிதி:

மோட்டாரைப் பொருத்திக்கொண்டு உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுவதே எனக்கு விளங்கவில்லை. வியர்வை வேண்டுமானால் சாதாரண சைக்கிளை வாங்கலாமே.

ஆறாம் எண் சாவி:

பதினெட்டு ஆண்டுகளாகச் சைக்கிள் பழுதுபார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். வெறுமிதிக்கு முதலில்: முழங்கால் தேய்ந்தவருக்கு ஆபத்தான இடங்கள் மேம்பால ஏற்றமும், சிக்னலில் நின்ற இடத்திலிருந்து கிளம்பும் முதல் நான்கைந்து மிதிகளும்தான். நூற்றுக்கு ஐந்து சாய்வுள்ள ஏற்றத்தில், ஆளும் வண்டியுமாக 95 கிலோவை மணிக்கு 10 கிலோமீட்டரில் ஏற்றவே ஏறத்தாழ 150 வாட் வேண்டும். அந்த இரண்டு இடங்களுக்குப் பயந்து சைக்கிளையே விட்டுவிட்டவர்கள் என் கடைக்கு நிறைய வருகிறார்கள்.

இனி சாங்கிக் காற்று ஐயாவுக்கு. 25 என்பது மோட்டாருக்கு இட்ட வரம்பு. உங்கள் கால்களுக்கு யாரும் சாலையில் அப்படி வரம்பு இடவில்லை. நிமிர்ந்து அமர்ந்து சமதரையில் ஓட்டுபவருக்கு நான் போட்ட தோராயக் கணக்கின்படி, 20-இல் 90 வாட், 25-இல் 150 வாட், 32-இல் 270 வாட் தேவைப்படும். காற்றின் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியாக ஏறுவதே இதற்குக் காரணம். வரம்பை 32 ஆக்கினால், கூடுகின்ற அந்த 120 வாட்டைத் தரப்போவது மோட்டாரே தவிர நீங்கள் அல்ல. பயணம் சீக்கிரம் முடியும், மின்கலமும் சீக்கிரம் தீரும், இதயத்துக்கு மட்டும் கூடுதல் வேலை கிடைக்காது.

ஒன்று கேட்கிறேன்: உங்கள் வண்டியில் இருப்பது டார்க் சென்சாரா, கேடன்ஸ் சென்சாரா? முன்னது நீங்கள் மிதியில் கொடுக்கும் அழுத்தத்தை அளந்து அதற்கேற்ப உதவும். பின்னது மிதி சுழல்கிறதா என்று மட்டுமே பார்க்கும், ஆகவே காலைச் சும்மா சுழற்றினாலும் முழு உதவியும் வந்துவிடும். விலை குறைந்த பல வண்டிகளில் பின்னதுதான் இருக்கிறது. 25-இல் உங்களுக்கு அவ்வளவு கனமாகத் தோன்றுவதற்குக் காரணம், அதற்கு முன்னர் உங்கள் கால்கள் ஏறக்குறைய ஓய்வில் இருந்ததுதான் என்று சந்தேகிக்கிறேன்.

சாங்கிக் காற்று:

விற்றவரிடம் கேட்டேன், கேடன்ஸ்தான் என்றார். இன்று காலை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்: மோட்டார் உதவியின் ஐந்தாம் நிலையில் 24 கிலோமீட்டர் வேகத்தில் இதயத் துடிப்பு 94. கூச்சமாக இருக்கிறது; மாடிப்படி ஏறினாலே அதைவிடக் கூடுகிறது. ஆனாலும் விதியைப் பற்றிய என் வாதம் இதனால் விழுந்துவிடவில்லை. ஜெர்மனியில் 45 கிலோமீட்டர் வரை உதவும் வண்டிக்குத் தனி வகை வைத்து, காப்புறுதி எண் பலகை, தலைக்கவசம், உரிமம் எல்லாம் கேட்டுவிட்டுச் சாலையில் விடுகிறார்கள். இங்கேயும் பதிவெண் இருக்கிறது, 2022 முதல் விதிகளைப் பற்றிய இணையவழித் தேர்வும் இருக்கிறது. இவ்வளவையும் செய்தவரை நம்பக்கூடாதா?

கீழ்த்தளவாசி:

நீங்களே சொன்ன ஜெர்மனியில், அந்த வண்டிகள் பொதுவாகச் சைக்கிள் பாதையில் ஏறக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். வேகம் வேண்டுவோர் பாதையை விட்டுக்கொடுக்கிறார்கள். அப்படியொரு வகை இங்கே வந்து, நீங்கள் பூங்காவைத் துறந்து சாலையோடு நின்றுகொள்வீர்களானால் நான் எதிர்க்கமாட்டேன். எனக்குப் பிடித்தது ஜப்பானிய விதி: 10 கிலோமீட்டர் வரை நாம் இடும் ஒரு பங்கு உழைப்புக்கு மோட்டார் இரண்டு பங்கு வரை சேர்க்கலாம், அதன்பின் உதவி படிப்படியாகக் குறைந்து 24-இல் இல்லாமலே போகும். சட்டமே மிதிப்பவரின் உழைப்பை அளவுகோலாக வைத்திருக்கிறது.

சாங்கிக் காற்று:

பூங்காவைத் துறப்பதா? அது கொஞ்சம் பெரிய விலைதான், யோசிக்கிறேன். சாவி அவர்களே, சென்சாரை மட்டும் மாற்றித் தர முடியுமா?

ஆறாம் எண் சாவி:

மாட்டேன் ஐயா. ஆணையம் ஒப்புதல் அளித்த மாடலாகத்தான் அந்த வண்டி பதிவாகியிருக்கிறது. மோட்டார் அமைப்பில் கை வைத்தால் அது சட்டவிரோத வண்டியாகிவிடும். அதற்குத் தேவையுமில்லை. கேடன்ஸ் வண்டிகள் பலவற்றில் உதவி நிலை என்பது உண்மையில் வேக எல்லைதான்: முதல் நிலையில் 14, 15-ஐ ஒட்டியே மோட்டார் விலகிவிடும். அந்த நிலையை வைத்துக்கொண்டு 18-இல் ஓட்டுங்கள். கிளம்பும்போது மோட்டார் முழங்காலைக் காக்கும், அதன்பின் எழுபது, எழுபத்தைந்து வாட் முழுவதும் உங்களுடையது. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. மிதமான உடற்பயிற்சிக்கு அதுவே அளவு. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் கேட்பது அதைத்தான். மேம்பாலம் வந்தால் கூச்சப்படாமல் நான்காம் நிலைக்குப் போங்கள்.

சாங்கிக் காற்று:

ஞாயிறு காலை அப்படியே செய்தேன். முதல் நிலை, 17 கிலோமீட்டர், துடிப்பு 121-இலிருந்து 128 வரை. ஈஸ்ட் கோஸ்ட் போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, மின்கலத்தில் ஒரு கோடுதான் இறங்கியிருந்தது. திரும்பும்போது எதிர்க்காற்றில் பத்து நிமிடம் நான்காம் நிலையை வைத்துக்கொண்டதை மறைக்கவில்லை. 25-ஐ ஒருமுறைகூடத் தொடவில்லை. ஆயினும் சாலைக்கென ஒரு தனி வகை வேண்டும் என்ற கோரிக்கையை நான் கைவிடவில்லை; கீழ்த்தளவாசியின் நிபந்தனையோடு அதை ஆணையத்துக்கு எழுதப்போகிறேன்.