தேசியவாதம் ஏறுனதுல உங்களை இன்னும் உறுத்துற ஒரு விஷயம் எது?

தவணைச்சீட்டு:
ஹங்கேரின்னாலே எல்லாரும் 2015 அகதிகள், முள்வேலின்னு ஆரம்பிக்கிறாங்க. எனக்கு உறுத்துறது அதுக்கு முந்தின வீட்டுக் கடன். வட்டி கம்மின்னு சுவிஸ் ஃபிராங்குல கடன், சம்பளமோ உள்நாட்டுப் பணமான ஃபோரிண்ட்ல. ஃபிராங்க் சுமார் 150 ஃபோரிண்ட் வித்தப்போ ஒரு கோடி வாங்கினா 66,667 ஃபிராங்க். 2011ல விலை 240 ஆனதும் அதே அசல் ஒரு கோடியே அறுபது லட்சம். வங்கிகளும் அப்போ பெரும்பாலும் அயல்நாட்டுக்காரங்க கையில. அரசு அந்த வருஷம் ஃபிராங்குக்கு 180ன்னு விலை வச்சு, ஒரே தடவையில அடைச்சிடலாம்னு சட்டம் போட்டுச்சு. கடன்காரருக்கு ஒரு கோடியே இருபது, மிச்ச நாற்பது லட்சம் வங்கி தலையில. ரொக்கம் வச்சிருந்தவங்க தப்பிச்சாங்க, மத்தவங்க கடனை ஃபோரிண்டுக்கு மாத்துற சட்டம் வர்ற 2014 வரைக்கும் காத்திருந்தாங்க. ஆனா 2012 மார்ச் 15 அன்னிக்கு "நாங்க காலனியா இருக்க மாட்டோம்"னு அப்போதைய பிரதமர் ஓர்பான் பேசினப்போ, எதிரி யாருன்னு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கல.

பாஸ்டன்_பார்வை:
கடன்தான் காரணம்னா போலந்தை எங்க வைப்பீங்க? 2009ல ஐரோப்பிய ஒன்றியத்துல பொருளாதாரம் சுருங்காத ஒரே நாடு அது. 2015ல அங்கயும் தேசியவாதக் கட்சி தனிப் பெரும்பான்மையோட வந்துச்சே. என் கணக்குல வேகம்தான் விஷயம். 2004ல கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஒன்றியத்துல சேர்ந்தப்போ வருஷத்துக்கு 5,000லேருந்து 13,000 பேர் வருவாங்கன்னு பிரிட்டன் மதிப்பிட்டுச்சு. ஜெர்மனியும் கதவைத் திறக்கும்னு நம்பிப் போட்ட கணக்கு. ஜெர்மனி 2011 வரைக்கும் திறக்கல. காய்கறி வயலும் பேக்கிங் ஷெட்டுமா இருந்த லிங்கன்ஷயர் பாஸ்டன்ல பத்தே வருஷத்துல வெளிநாட்டில் பிறந்தவங்க பல மடங்கு ஆனாங்க. 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்புல, ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறணும்னு அங்க ஓட்டுப் போட்டவங்க 75.6 விழுக்காடு, நாட்டுலயே அதிகம். லண்டன்ல வந்தேறிகள் இன்னும் ஜாஸ்தி, ஆனா அது பழகின ஊர்.

கேள்வித்தாள்:
ரெண்டு பேரும் ஒண்ண விட்டுட்டீங்க: குறை தானா தேசியவாதம் ஆகாது, யாரோ உக்காந்து ஆக்கணும். 2015 வசந்தத்துல ஹங்கேரி அரசு 80 லட்சம் பேருக்குத் தபால்ல 12 கேள்வி அனுப்புச்சு. தலைப்பே குடியேற்றமும் பயங்கரவாதமும். "ஹங்கேரிக்கு வந்தா ஹங்கேரியர் வேலையைப் பறிக்கக் கூடாது"ன்னு விளம்பரப் பலகை வேற. எழுதினது ஹங்கேரிய மொழியில! சிரியாலேருந்து வர்றவருக்கா அது?

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். இந்த மாதிரி தாள் எந்த நாட்டுல வந்தாலும் முதல்ல ஒரே கேள்விக்குள்ள ரெண்டு விஷயம் ஒட்டியிருக்கான்னு பாருங்க. முன்னுரையும் யார் கையெழுத்துன்னும் கேள்விக்கு முன்னாடியே படிச்சிடுங்க, சாயம் அங்கதான் ஏறும். அப்புறம் பகுதி எண்: திரும்பி வந்தது சுமார் பத்து லட்சம், அதாவது எட்டுல ஒண்ணு. "பெரும்பான்மை ஆதரிச்சுது"ன்னு அறிவிக்கிறப்போ அந்த எட்டு காணாமப் போயிடும். அடுத்த வருஷ வாக்கெடுப்புல, அகதிகளை நாடுகளுக்குப் பங்கிடுற ஐரோப்பிய ஒன்றிய ஒதுக்கீடு வேண்டாம்னு 98 விழுக்காடு. செல்லுபடியான ஓட்டு பாதியைத் தாண்டாததால முடிவு செல்லல. ஆனா போஸ்டர்ல நின்னது 98 மட்டும்தான்.

தவணைச்சீட்டு:
@பாஸ்டன்_பார்வை, போலந்து விஷயம் சரி, கடன் மட்டும் போதாதுதான். ஆனா வேகம்னு சொன்னா ஹங்கேரி இடிக்குதே. ஓர்பானோட ஃபிடெஸ் கட்சி நாடாளுமன்றத்துல மூணுல ரெண்டு பங்கு இடம் பிடிச்சது 2010ல, அகதிகள் வர்றதுக்கு அஞ்சு வருஷம் முந்தி. வந்ததும் 1920 திரியானோன் ஒப்பந்தத்துல எல்லைக்கு வெளிய போன ஹங்கேரியர்களுக்குக் குடியுரிமையை எளிமையாக்குனாங்க. உள்நாட்டுல முகவரி இல்லாத அவங்க தபால்ல ஓட்டுப் போடலாம். லண்டனுக்கு வேலைக்குப் போய், முகவரியை ஊர்ல வச்சிருக்கிற ஹங்கேரியர் தூதரகத்துக்கு நேர்ல போகணும். 2014லயும் 2018லயும் தபால் ஓட்டுல 95 விழுக்காட்டுக்கு மேல ஃபிடெஸுக்கு.