ஐ.ஜி.ஆர்.டி.க்குத் தமிழில் என்ன போடுவது? (வெள்ளிக்குள் வேண்டும்)

கல்லடி:
வணக்கம். புற்றுநோயாளருக்கான கைப்பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, ஐ.ஜி.ஆர்.டி. (Image-Guided Radiation Therapy) என்ற இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறேன். நோயாளியை மேசையில் படுக்க வைத்து, கதிர் கொடுப்பதற்கு முன் எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கானோ எடுத்து, திட்டமிட்டபோது எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, சில மில்லிமீற்றர் விலகியிருந்தாலும் மேசையை நகர்த்திச் சரிசெய்த பிறகே கதிரை விடுவார்கள். 'படிம வழிகாட்டல் துல்லியக் கதிரியக்க சிகிச்சை' என்று எழுதினேன். வாசிக்கவே மூச்சு முட்டுகிறது.

சம்மாந்துறை:
தங்கச்சி, முதலில் 'கதிரியக்க'த்தை எடுங்கள். கதிரியக்கம் என்றால் கோபாற்று 60 போன்றவை தாமாகவே கதிர் வீசுவது. இந்த இயந்திரம் மின்சாரத்தால் எக்ஸ் கதிரை உண்டாக்குகிறது, நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும், நோயாளியின் உடம்பில் எதுவும் தங்காது. அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுப் பேரப்பிள்ளையைத் தூக்கப் பயப்படுவார்கள். கதிர்ச்சிகிச்சை போதும். படிமமும் வேண்டாம், நாம் பள்ளியில் படித்தது விம்பம்.

காரைதீவு:
விம்பம் வடசொல். துல்லியமும் அப்படித்தான், 'துல்ய' என்றால் ஒப்பானது, துலாக்கோலும் அந்த வேரில் வந்ததே. வழிகாட்டலுக்கு நம்மிடம் ஆற்றுப்படை இருக்கிறதே! ஆறு என்றால் வழி. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றவன் பெறாதவனை வள்ளலிடம் அனுப்புவதுபோல, படம் கதிரைக் கட்டியிடம் அனுப்புகிறது. ஆகவே 'படவாற்றுக் கதிர்மருத்துவம்'. 1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன், கடன் சொல்லோடு திருப்திப்பட முடியாது.

மட்டக்களப்பு:
ஐயா, சுனாமிக்குப் பிறகு இங்கே ஆற்றுப்படுத்தல் என்றால் உளவள ஆலோசனை. படவாற்று என்று வாசிப்பவர், படம் காட்டி மனதைத் தேற்றுவார்கள் என்றுதான் விளங்கிக்கொள்வார். கதிர்ச்சிகிச்சைக்குச் சனம் சொல்வது 'கறண்ட் பிடிக்கிறது'. அதைப் போட முடியாது, சரி, ஆனால் அந்தச் சனத்துக்குத்தானே இந்தப் பிரசுரம்? சிறுநீர்ப்பை நிரம்புவதைப் பொறுத்து புரொஸ்டேற் சுரப்பி இடம் மாறும், நுரையீரல் கட்டி மூச்சோடு அசையும். தண்ணீர் குடித்துவிட்டு வா என்றும், அசையாமல் படு என்றும் ஏன் சொல்கிறார்கள் என்பது பெயரிலேயே கொஞ்சம் தெரிய வேண்டும். 'படம் பார்த்துக் கொடுக்கும் கதிர்ச்சிகிச்சை'.

காரைதீவு:
அது விளக்கம், கலைச்சொல் அல்ல. அதோடு இன்னொரு சொல் சேர்க்கவேண்டி வந்தால் என்ன செய்வீர்கள்? சுருக்கித்தான் ஆகவேண்டும் என்றால் 'படவழிக் கதிர்மருத்துவம்'.

சம்மாந்துறை:
படவழி நல்லது. துல்லியத்தையும் விட்டுவிடலாம். இடம் சரியாகத் தெரிவதால்தான் கட்டியைச் சுற்றிக் கதிர் படும்படி விடும் ஓரத்தைக் குறைக்கிறார்கள், நல்ல இழையங்கள் தப்புகின்றன. துல்லியம் படத்தால் வருவது, தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கதிர்மருத்துவம் வேண்டாம், எக்ஸ்ரே எடுக்கும் பிரிவு என்று நினைப்பார்கள்.

கல்லடி:
நன்றி நானா, நன்றி ஐயா. தலைப்பில் 'படவழிக் கதிர்ச்சிகிச்சை', அதன் கீழே மட்டக்களப்பு அக்காவின் வரி. இப்படியே அனுப்புகிறேன்.

காரைதீவு:
அனுப்புங்கள் மகள், நோயாளிகள் காத்திருக்கக் கூடாது. சிகிச்சை என்ற சொல்லுக்கு நான் சம்மதிக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிப்புக்கு முன் மீண்டும் எழுதுவேன்.