கோடியக்கரை: புல்வெளிக்குள் வண்டி விடலாமா?

மன்னைப் பையன்: போன ஞாயிறு கோடியக்கரை சரணாலயம் போயிருந்தேன். ஒரு கார் வண்டித்தடத்தை விட்டு இறங்கி, நேராகப் புல்வெளியில் வெளிமான் கூட்டத்தின் பின்னாலேயே போகிறது, உள்ளே இருப்பவர்கள் போனை நீட்டிப் படம் எடுக்கிறார்கள். மழை பெய்த மண், சக்கரம் போன இடத்தில் விரல் ஆழத்துக்குப் பள்ளம், அதில் தண்ணீர். சொந்த வண்டியை செக்போஸ்ட்டிலேயே நிறுத்திவிட்டு வனத்துறை வண்டியில்தான் காட்டுக்குள் போகணும் என்று வைத்தால் என்ன?

உப்பளத்துக்காரர்: தம்பி, வருடத்தில் ஒரு நாள் வந்துவிட்டு சட்டம் போடாதீங்க. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ஆதிசேது கடலில் முழுக வருகிற சனத்தை எங்கே நிறுத்துவீங்க? முட்டி வலியோடு எங்க அம்மா நடப்பாங்களா? மானுக்கு எமன் கார் இல்லை, சீமைக் கருவேல். என் சின்ன வயதில் புல்லாகக் கிடந்த இடம் இப்போது முள். காட்டில் திரிகிற அநாதைக் குதிரைகள் மேய்ந்த மிச்சம்தான் மானுக்கு. 2018-ல் கஜா புயல் ஒரே ராத்திரியில் சாய்த்த மரத்தை எந்தக் காரும் சாய்க்கவில்லை.

மன்னைப் பையன்: அண்ணே, கடலுக்குப் போகிற ரோடு வேறு. நான் சொல்வது காட்டுக்குள் இருக்கிற தடம்.

கோடியக்காட்டு அக்கா: முள் விஷயத்தில் அண்ணன் சொல்வது சரி. கருவேல் நெற்றைத் தின்று விதையைப் பரப்புவதே குதிரையும் மானும்தான், சாணத்திலேயே முளைத்துவிடும், வெட்டி மாளாது. அதற்காகக் காரை விட்டுவிடலாமா? வெளிமான் குட்டி போட்டால் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டு தள்ளிப் போய் மேயும். சத்தம் கேட்டாலும் குட்டி எழுந்து ஓடாது, தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும். காரில் இருந்து பார்த்தால் மண்கட்டி மாதிரிதான் தெரியும், ஏற்றினால்கூடத் தெரியாது. 1967-ல் சரணாலயம் ஆக்கினதே இந்த மானுக்காகத்தானே!

உப்பளத்துக்காரர்: அது எனக்குத் தெரியாதா அக்கா? வழியில் பாலாப்பழம் என்கிற காட்டுப்பழம் விற்கிறவங்க பிழைப்பையும் பாருங்க.

கோடியக்காட்டு அக்கா: எல்லா வண்டியும் செக்போஸ்ட்டில் நின்றால் வியாபாரம் அங்கே கூடத்தான் செய்யும். வழியெல்லாம் நிறுத்தி குரங்குக்கு பிஸ்கட் வீசுவதும், அது கவரோடு பிடுங்கிக்கொண்டு ஓடுவதும் குறையும்.

உப்பளத்துக்காரர்: சரி, அப்படியென்றால் முள் வெட்டுகிற வேலையும் வண்டி ஓட்டுகிற வேலையும் எங்க ஊர்ப் பசங்களுக்குத்தான். அமாவாசைக்கு ரோட்டை மூடக் கூடாது.

மன்னைப் பையன்: ரோட்டை யாருண்ணே மூடச் சொன்னது!