பிள்ளைகளோடு ஐரோப்பாவைச் சுற்ற: இரவு ரயிலா, விமானமா?

ஜெர்மனிக்கு வந்து சில மாதங்களே ஆன ஒரு தம்பி போன வாரம் கேட்டார்: "அண்ணா, முனிச்சிலிருந்து ரோமுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். ரயிலில் பதின்மூன்று மணி நேரம் ஆகும் என்கிறார்கள். கைக்குழந்தையும் பெட்டியுமாக எதற்கு ரயில்?" அவருக்குச் சொன்னதைப் புதிதாக வந்திருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஏழு வயதில் ஒரு பெண், மூன்று வயதில் ஒரு பையன். இரண்டு வழியிலும் போய் வந்திருக்கிறோம்.

ஒன்றரை மணி நேரம் என்பது பறக்கும் நேரம் மட்டும். வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள். முனிச் மத்திய நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு எஸ்-பான் என்னும் உள்ளூர் ரயிலில் சுமார் 40 நிமிடம். பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். ரோமில் இறங்கிப் பெட்டி வரும்வரை நின்று, அப்புறம் ஃபியூமிச்சினோ விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் இருக்கும் டெர்மினி ரயில் நிலையத்துக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயிலில் 32 நிமிடம். எங்களுக்கு ஒருமுறைகூட ஆறு மணி நேரத்துக்குக் குறைந்ததில்லை. அந்த ஆறு மணி நேரமும் பிள்ளைகள் விழித்திருக்கிற நேரம் என்பதுதான் பெரிய விஷயம். பையனின் மதியத் தூக்கம் கெட்டால் அன்று மாலை யாருக்கும் நிம்மதி இல்லை. இரவு ரயிலில் எட்டு மணிவாக்கில் ஏறி, சாப்பிட்டுப் படுத்தால், கண் விழிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே இத்தாலி. அதனால் எத்தனை மணி நேரம் என்பதோடு, எந்த மணி நேரம் என்றும் பாருங்கள்.

மலிவு விமான டிக்கெட்டைப் பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள். எந்த விமான நிலையம் என்று முதலில் பாருங்கள். பிராங்க்பர்ட்-ஹான் பிராங்க்பர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். பாரிஸ் என்று விற்கப்படும் போவே விமான நிலையம், பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து ஊருக்குள் வரும் பஸ் கட்டணத்தை நான்கு பேருக்குப் போட்டு, பெட்டிக்கும் இருக்கைக்கும் தனியாகக் கேட்கும் காசையும் சேர்த்தால் அந்த மலிவில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

ரயில் என்று முடிவு செய்தால் ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். உட்கார்ந்து போகும் இருக்கையைக் குடும்பத்துக்கு வாங்கவே வாங்காதீர்கள். படுக்கைப் பெட்டியில் இரண்டு வகை உண்டு. ஜெர்மன்காரர்கள் லீகேவாகன் என்பது நம் ஊர் ஸ்லீப்பர் மாதிரி, ஒரு அறையில் நான்கு அல்லது ஆறு பெர்த். ஷ்லாஃப்வாகன் என்பது ஒன்று முதல் மூன்று பேருக்கு, அறைக்குள்ளேயே கை கழுவும் தொட்டியோடு, விலையும் கூட. நான்கு பேர் என்றால் லீகேவாகனில் ஒரு அறையை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட் என்னும் இரவு ரயிலில் 'தனி அறை' என்றே பதிவு செய்யலாம். கதவை உள்ளிருந்து பூட்டிக்கொள்ளலாம். பையன் நடு இரவில் அழுதாலும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. நாங்கள் மூன்று மாதம் முன்பே எடுத்ததால் மொத்தச் செலவு விமானத்துக்குச் சமமாகத்தான் வந்தது. ஒரு இரவு ஹோட்டல் வாடகை மிச்சம்.

ரயிலிலும் அடி வாங்கியிருக்கிறோம். ஒரு பயணத்தில், எந்த நிறுவனம் என்பது வேண்டாம், கிளம்புகிற அன்று மாலை செய்தி வந்தது: படுக்கைப் பெட்டி இன்று இல்லை, இருக்கைதான். வேறு வழியில்லாமல் ஏறி, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். பணம் திரும்பி வரச் சில மாதம் ஆனது. அதிலிருந்து, போய் இறங்கும் நாள் காலையில் நேரம் குறித்த எந்த டிக்கெட்டும் வாங்குவதில்லை. வாட்டிகன் அருங்காட்சியகம் எல்லாம் மறுநாள்தான்.

தாமதமானால் கிடைக்கும் இழப்பீட்டிலும் வித்தியாசம் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, 1500 கிலோமீட்டருக்குள் விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, தவறு விமான நிறுவனத்துடையது என்றால் ஆளுக்கு 250 யூரோ. ரயிலில் ஒரு மணி நேரத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரத்துக்கு 50 சதவீதம். இணைப்பு ரயிலுக்குத் தனி டிக்கெட் எடுத்திருந்து அது தவறிப்போனால் பொதுவாக உங்கள் பாடுதான். அதனால் மாறாமல் போகிற ஊர்களுக்கு மட்டும் இரவு ரயில் எடுங்கள். ஜூரிக்-ஹாம்பர்க், முனிச்-ரோம், வியன்னா-வெனிஸ் மாதிரி.

லிஸ்பன், ஏதென்ஸ் என்றால் யோசிக்காமல் விமானம். ஸ்பெயினிலிருந்து லிஸ்பன் போன இரவு ரயிலும் 2020-லேயே நின்றுவிட்டது. வியன்னாவிலிருந்தும் பெர்லினிலிருந்தும் பாரிஸ் போன நைட்ஜெட்டுகளும் 2025 டிசம்பரோடு நின்றன. பழைய பட்டியலை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

எல்லாருடைய அசல் பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் பெர்மிட்டும் கையில் இருக்கட்டும், பிள்ளைகளுடையதும்தான். எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் நாடுகளுக்குள்தானே என்று போனில் படம் மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். ஜெர்மனி 2024 செப்டம்பரில் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் தொடங்கியது. அதிகாலையில் போலீஸ் கதவைத் தட்டலாம். ரயில் பெட்டியின் எண்ணையும் பார்த்து ஏறுங்கள். வழியில் பெட்டிகளைப் பிரித்து வேறு வேறு ஊருக்கு அனுப்புவார்கள். மாறி உட்கார்ந்து தூங்கினால் வேறு ஊரில் விழிப்பீர்கள்.

சாப்பாட்டில் ரயிலை அடிக்க முடியாது. கைப்பையில் திரவம் எதுவும் நூறு மில்லிக்கு மேல் கூடாது என்ற விதி இன்னும் பல விமான நிலையங்களில் உண்டு, அதில் தயிரும் சட்னியும் மாட்டும். ரயிலில் புளியோதரை, தயிர் சாதம், ஊறுகாய் எல்லாம் டப்பாவோடு போகும். வாசம் யாரையும் தொந்தரவு செய்யாமல் இருக்கக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுங்கள். கழிவறையில் கழுவிக்கொள்ள ஹேண்ட் ஷவர் கிடையாது, அதனால் ஒரு காலி பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா அப்பா ஊரிலிருந்து வந்திருந்தால் கீழ் பெர்த் அவர்களுக்கு. ஏணி செங்குத்தாக இருக்கும், முட்டி வலிக்காரர்களால் ஏற முடியாது. பிளாட்பாரத்திலிருந்து ஏறும் படியும் பழைய பெட்டிகளில் உயரம்தான். முதலில் நீங்கள் ஏறிச் சாமான்களை வாங்கி வைத்துவிட்டு, அப்புறம் அவர்கள் கையைப் பிடித்து ஏற்றுங்கள்.