அட்டிலாவைப் பேரரசன் என்று சொல்லலாமா?

தொடுவானம்:
ஐந்தாம் நூற்றாண்டில் ரோமை நடுங்கவைத்த நாடோடிப் போர்க்குடி ஹூணர்கள்; அவர்கள் தலைவன் அட்டிலாவைப் "பேரரசன்" என்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 434 வாக்கில் சகோதரன் பிளேடாவோடு சேர்ந்து ஆட்சிக்கு வந்தான்; சுமார் பத்து ஆண்டுகளில் அவனையே தீர்த்துக்கட்டினான். கிழக்கு ரோம் ஆண்டுதோறும் கட்டிய திறை 350 ராத்தல் தங்கம். அது 700 ஆகி, பிறகு 2,100 ஆனது. 453-ல் இல்டிகோ என்ற பெண்ணை மணந்த இரவிலேயே இறந்தான். மறு ஆண்டே நெடாவோ ஆற்றங்கரையில், அவனுக்கு அடங்கியிருந்த கெபிடர்கள் என்ற இனத்தார் திரண்டெழுந்து அவனுடைய மகன் எல்லாக்கைக் கொன்றார்கள். ஒரு தலைமுறைகூடத் தாங்காத அரசு அது. பறித்துத் தின்றவனுக்கு ஏன் இந்தப் பட்டம்?

பழஞ்சுவடி:
ஹூணர்கள் எதையும் எழுதிவைக்கவில்லை. நாம் படிப்பதெல்லாம் அவர்களிடம் அடிபட்டவர்கள் எழுதியது. அவர்களிலும் நேரில் பார்த்தவர் பிரிஸ்கஸ். 449-ல் கிழக்கு ரோமின் தூதுக்குழுவோடு அட்டிலாவிடம் போனவர் அவர். விருந்தினருக்கு வெள்ளித் தட்டு, பொற்கிண்ணம். அட்டிலாவுக்கு மரத்தட்டு, மரக்கிண்ணம். உடையிலும் ஆடம்பரம் இல்லை என்கிறார்.

அதே தூதுக்குழுவுக்குள் அவனைக் கொல்லும் சதியும் ஒளிந்திருந்தது. கூலி 50 ராத்தல் தங்கம். கிழக்கு ரோமின் அரண்மனை அதிகாரி கிரிசாஃபியஸ் விலைபேசிய, அட்டிலாவின் ஆளான எடெக்கோவே அவனிடம் அனைத்தையும் சொல்லிவிட்டான். அட்டிலா தூதர்களைக் கொன்றானா? இல்லை. பணப்பையைத் தன் செயலர் ஒரெஸ்டெஸின் கழுத்தில் மாட்டி, கிழக்கு ரோமின் தலைநகர் கான்ஸ்டான்டினோபிளுக்கே அனுப்பிப் பேரரசரை வெட்கப்பட வைத்தான். வெறும் கொள்ளைக்காரனுக்கு இந்த நிதானம் வருமா?

தொடுவானம்:
பிரிஸ்கஸ் எழுதியதை முழுவதும் படியுங்கள் ஐயா. போகும் வழியில் நைசஸ் நகரத்தைப் பார்க்கிறார், இன்றைய செர்பியாவின் நிஷ். ஆளில்லாத ஊர்; வழிபாட்டு விடுதிகளில் நோயாளிகள் சிலர் மட்டும். ஆற்றங்கரை முழுவதும் எலும்புகள், கூடாரம் அடிக்க இடமில்லாத அளவுக்கு. மரக்கிண்ணத்தைச் சொன்ன அதே கைதான் இந்த எலும்புகளையும் எழுதியது. நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள்.

கரிசல்காட்டான்:
இடையில் நுழைகிறேன். எனக்கு அந்த நூலில் மறக்க முடியாதவர் தன்யூப் கரை ரோம நகரம் விமினாகியத்தில் ஹூணர்களிடம் பிடிபட்ட கிரேக்க வணிகர். ஹூணர்களுக்காகப் போரிட்டு விடுதலை பெற்று, மணமுடித்து, அங்கேயே தங்கிவிட்டார். ரோமில் வரிக்கொடுமை, பணமில்லாதவனுக்கு நீதிமன்றத்தில் நியாயம் கிடையாது, இங்கே நிம்மதி என்கிறார். பிரிஸ்கஸ் ரோமச் சட்டங்களின் பெருமையை எடுத்துச் சொல்கிறார். வணிகர் அழுதுவிடுகிறார். சட்டங்கள் நல்லவைதாம், ஆள்பவர்கள் முன்னோரைப் போல இல்லை என்கிறார். அட்டிலாவின் வெற்றியைப் புரிந்துகொள்ள ரோமின் உள்நோயையும் பார்க்க வேண்டும்.

பழஞ்சுவடி:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன். 451-ல் இன்றைய பிரான்ஸில் உள்ள கட்டலோனியச் சமவெளியில், மேற்கு ரோமின் தளபதி ஏட்டியஸும் விசிகோத்து இனத்தாரும் அட்டிலாவைத் தடுத்தார்கள். அந்தப் போரில் விசிகோத்து அரசன் தியோடரிக்கே மாண்டான். மறு ஆண்டு அட்டிலா இத்தாலிக்குள் இறங்கி அக்விலேயா நகரத்தை அழித்தான். போப் லியோவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் திரும்பினான் என்பார்கள். பஞ்சமும் கொள்ளைநோயும் கிழக்கு ரோமின் படையும் அவனை நெருக்கியதை ஏன் விடுகிறார்கள்? ஒரு தலைமுறைகூடத் தாங்காத அரசு என்றீர்களே: மேற்கு ரோமின் கடைசிப் பேரரசன் ரோமுலஸ் அகஸ்டுலஸ் யாருடைய மகன்? பணப்பை சுமந்த அதே ஒரெஸ்டெஸின் மகன். 476-ல் அவனை அரியணையிலிருந்து இறக்கிய ஒடோவாக்கரை எடெக்கோவின் மகன் என்று பலர் கருதுகிறார்கள்.

தொடுவானம்:
இந்தத் தொடர்பு என்னையும் உலுக்குகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் அட்டிலாவின் திட்டம் எங்கே? அவனுடைய அவையில் இருந்தவர்கள், அவன் போன பிறகு தங்கள் பிழைப்பைத் தேடினார்கள்.

இன்னொன்று. அவன் ஆட்சியின் தொடக்கத்தில் கிழக்கு ரோமோடு செய்த மார்கஸ் உடன்படிக்கைப்படி, ரோமிடம் தஞ்சம் புகுந்த ஹூணர்களைத் திருப்பிக் கேட்டார்கள். அவர்களில் ஹூணர் அரச குடும்பத்துப் பிள்ளைகள் இருவர்; "மாமா", "அடகாம்" என்பவை அவர்கள் பெயர்கள். தன்யூப் கரையில் கார்சம் என்ற ஊரில் இருவரையும் ஹூணர்கள் சிலுவையில் அறைந்தார்கள். பேரரசன் என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிள்ளைகளின் பெயர்கள்தாம் நினைவுக்கு வருகின்றன.